எட்டு என்று சொன்ன விரல்

காகிதக் காட்டைக் கட்டிக் காத்த கற்பகமே! கட்டு அவிழ்ந்த கோப்பும், கறையான் கண்ட பதிவேடும் கைபட்ட நொடியில் களங்கம் தீர்ந்து நிற்கக் கண்ட காரிகையே! முப்பத்துநான்கு ஆண்டுகள், வந்தவர் வண்டியில் வந்தாரா, வெறுங்காலில் வந்தாரா என்று வாசலைப் பார்க்காமல், கேட்டதைக் கேட்டபடி எடுத்துத் தந்த பதிவறைப் பெருமாட்டியே! வாய்க்குச் செலவைக் குறைத்துக் கைக்குச் செலவைக் கூட்டிய வண்மையே! பணி நிறைவு பெறும் பண்பின் பெட்டகமே, சொர்ணம் அம்மையீர்! வணக்கம்.

இந்த ரீதியில் முழுசாய் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தோம். போன வியாழக்கிழமை அது எப்படியோ தங்கள் கண்ணில் பட்டுவிட்டது. பதிவறைக்காரரிடம் ஒரு காகிதத்தை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தது எங்கள் முட்டாள்தனம். படித்துவிட்டுத் தாங்கள் சொன்னது ஒரே வரி. "மூஞ்சிக்கு நேரா இப்படிப் பொகழ்ந்தா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்." சொன்னால் செய்கிறவர் என்பது ஊரறிந்தது. ஆகவே இம்மடலில் தங்களைப் புகழ மாட்டோம். சொர்ணம் என்றொரு பெண்மணியின் கதையை இந்தச் சபைக்குச் சொல்லப் போகிறோம். கேட்கிறவர்களுக்கு அவர் தாங்கள்தான் என்று தோன்றினால் அதற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது.

இலுப்பூரில் ஓர் அரசு அலுவலகம். அதன் பின்கட்டில் பதிவறை. ஊரில் எவருக்கு எது தொலைந்தாலும் கடைசியில் வந்து சேருகிற இடம் அது. தாத்தா காலத்துப் பட்டா வேண்டும், எந்த ஆண்டென்று தெரியாது, எண்ணும் தெரியாது என்று ஒருவர் வந்து நிற்பார். சொர்ணம் அக்கா ஒரு நிமிடம் கூரையைப் பார்ப்பார். "மூணாவது ரேக்கு, கீழ, எலி கடிச்ச கட்டுக்குப் பின்னாடி" என்பார். இருக்கும். எலி கடித்தது உட்பட எல்லாம் சொன்னபடியே இருக்கும்.

பேச்சு மட்டும் கிடையாது. மதியச் சாப்பாட்டைப் பதிவறையிலேயே முடித்துக்கொள்வார். யார் வீட்டு விசேஷத்துக்கும் முன்வரிசையில் உட்கார மாட்டார், தன் வீட்டுக்கும் யாரையும் கூப்பிட மாட்டார். இதற்கு நாங்கள் வைத்த பெயர் தலைக்கனம். டீக்கடையில் நின்று அப்படித்தான் பேசினோம். இன்று மேடையில் நின்று ஒப்புக்கொள்கிறோம், அது எங்கள் வாய்க்கொழுப்பு.

அந்த வாய்க்கொழுப்பு அடங்கிய நாள் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாத முற்பகல். வல்லத்திராக்கோட்டையிலிருந்து சுடர்விழி என்ற இளம்பெண் வந்திருந்தாள். தாய்வழி நிலம் இந்தப் பக்கம் இருந்ததால் பழைய பதிவின் நகல் தேவைப்பட்டது. காது கேளாது, வாய்ப்பேச்சு இல்லை. கவுண்டரில் இருந்தவர் செம்மல், இந்த மடலை எழுதிய அதே செம்மல். அவர் முதலில் மெதுவாகக் கேட்டார், பிறகு சத்தமாகக் கேட்டார், பிறகு தெருமுனைக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினார். கடைசியில் பக்கத்து மேசையைப் பார்த்து, ஊமை போலிருக்கிறது, யாராவது வந்து பாருங்கள் என்றார்.

பதிவறைக் கதவு திறந்தது. சொர்ணம் அக்கா வந்து அந்தப் பெண்ணின் முன் நின்றார். அவருடைய இரண்டு கைகளும் எழுந்தன. அத்தனை ஆண்டுகளாகக் கட்டுகளைக் கட்டியும் அவிழ்த்தும் மட்டுமே நாங்கள் பார்த்திருந்த அந்தக் கைகள் பேசத் தொடங்கின. சுடர்விழியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, வரிசையில் நின்றவர்கள்கூடத் தங்கள் வேலையை மறந்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் நகல் கிடைத்தது. அதன்பின் அக்கா செம்மலைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் புள்ள ஊமை இல்ல தம்பி. பேசுது. ஒனக்குத்தான் கேக்கல."

அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய அப்பா இருளாண்டி, அம்மா காத்தாயி, இருவருமே பிறவியிலேயே காது கேளாதவர்கள். கடைவீதியில் பூக்கட்டி விற்ற குடும்பம். சொர்ணம் அக்கா முதலில் பேசிய மொழி கைப்பேச்சுதான், தமிழ் அதற்கு அப்புறம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஊமை வீட்டுப் பெண் என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு அதே காரணத்தைச் சொல்லி எழுந்து போனார்கள். வெட்கப்பட்டு அவர் தம் தாய்மொழியைப் பதிவறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது நம்மைப் போன்றவர்கள்தான்.

சுடர்விழி சாதாரணப் பெண் அல்லள். இந்தியாவின் காது கேளாத மகளிர் கைப்பந்து அணிக்குத் தலைவி. காது கேளாதோருக்காக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உலக நாடுகள் கூடி நடத்துகிற பல விளையாட்டுப் பெருவிழா ஒன்று அடுத்த ஆண்டே வந்தது. அணியோடு போகவேண்டிய மொழிபெயர்ப்பாளர் புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது காலை ஒடித்துக்கொண்டார். இலுப்பூரில் ஓர் ஆபீஸ் அம்மா இருக்கிறார் என்று சுடர்விழி சொல்ல, காது கேளாதோர் விளையாட்டுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பயிற்சியாளர் சொல்வதைக் கையால் அணிக்குச் சொல்ல வேண்டும், மைதானத்து ஓரத்தில் அணியோடு உட்கார வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அக்கா சரி என்றார். ஏன் என்று கேட்டதற்கு, இத்தனை நாள் ஒளித்தது போதும் என்று மட்டும் சொன்னார்.

அரசு ஊழியர் அயல்நாடு போகத் தடையின்மைச் சான்று வேண்டும். அந்தக் கோப்பு எங்கள் கைகளில் நான்கு நாள் அலைந்து, ஐந்தாம் நாள் காணாமல் போயிற்று. முடிந்துபோன கோப்புகளோடு சேர்த்து யாரோ அதைப் பதிவறைக்கே அனுப்பியிருந்தார்கள். தேடிக் கண்டுபிடித்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? தன் கோப்பைத் தானே எடுத்து, தூசு தட்டி, எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

போன இடத்தில் முதல் ஆட்டம் பச்சைச் சட்டை அணியோடு. நாட்டின் பெயர் வேண்டாம், அவர்களும் நல்ல பிள்ளைகள்தான். ஆளுக்கு ஆறடி. காதுக்கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எவரும் களத்தில் இறங்க வேண்டும் என்பது விதி. ஆகவே நடுவர் கொடி தூக்குவதைப் பார்த்துத்தான் ஆட்டம் நிற்கும். ஆளாளுக்கு ஒரு செட் வென்ற நிலையில், மூன்றாவது செட்டில் இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. பச்சை அணியில் எட்டாம் எண் சட்டைக்காரி இடக்கைப் பழக்கம் உள்ளவள், அவள் அடித்தால் கையைக் கொண்டுபோய் வைக்க முடியாது. நம் பயிற்சியாளர் சூர்யபிரகாஷ், திருச்சிக்காரர், அடுத்த பந்து அவளுக்குத்தான் போகும் என்று கண்டுகொண்டு, "எட்டு, எட்டு" என்றார். அக்கா கையைத் தூக்கி எட்டு என்று காட்டினார்.

அங்கேதான் கோளாறு. நம் பெண்கள் பள்ளியில் கற்ற எண் வேறு. காத்தாயி அம்மாவிடம் அக்கா கற்ற எண் வேறு. பூக்கட்டுகிற கை எப்படி எண்ணும் என்று நம் பக்கத்துக் கடைவீதியில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டைவிரலால் கணுவைத் தொட்டு எண்ணும். சுண்டுவிரலின் அடிக்கணு ஒன்று, நடு இரண்டு, நுனி மூன்று. இப்படியே விரல் விரலாக ஏறினால் ஆள்காட்டி விரலின் நுனியில் பன்னிரண்டு. மற்ற சைகைகளை எல்லாம் அக்கா அணியின் முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஆனால் நெருக்கடியில் கை தாய்வீட்டுக்குப் போய்விட்டது. கட்டைவிரல் நடுவிரலின் நடுக்கணுவைத் தொட்டது. அவருக்கு அது எட்டு. பார்த்த பெண்களுக்கு அது மூன்றாம் விரல், ஆகவே மூன்று. இரண்டு பேர் மூன்றாம் எண்காரியை மறிக்க ஓடினார்கள், எட்டாம் எண்காரி ஆளில்லாத வலைக்கு மேல் அடித்தாள். அடுத்த பந்துக்கும் அதே எட்டு, அதே மூன்று. செட் போனது, நிலைகுலைந்து அடுத்த செட்டும் போனது, ஆட்டம் போனது.

ஏன் மூன்று என்று காட்டினீர்கள் என்று சுடர்விழி கையால் கேட்டபோதுதான் அக்காவுக்கு விளங்கியது. வேறொருவராக இருந்தால், நான் சரியாகத்தான் காட்டினேன், உங்களுக்குப் புரியவில்லை என்று சொல்லியிருப்பார். அக்கா அப்படிச் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பழைய காரணம் இருக்கிறது.

அக்காவுக்குப் பதினோரு வயதில் அப்பா நோயில் படுத்து, பெரிய ஆசுபத்திரியில் இறந்தார். அம்மாவிடம் சொல்லிவிடும்மா என்று மருத்துவர் அந்தச் சிறுமியிடம்தான் சொல்ல முடிந்தது. அவளுக்குக் கை வரவில்லை. அப்பா தூங்குகிறார் என்று காட்டிவிட்டாள். காத்தாயி அம்மா அதை நம்பிக் காலையிலிருந்து மாலை வரை, கணவர் எழுந்தால் கொடுக்கலாம் என்று கஞ்சித் தூக்கோடு வெளியே உட்கார்ந்திருந்தார். உடலை வெளியே தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அம்மா திட்டவில்லை. மகளின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லும்போது ஒரு மயிரிழையும் மாற்றுவதில்லை என்று அக்கா அன்று முடிவு செய்தார். அப்படிப்பட்டவரின் கை, தேசத்தின் ஆட்டத்தில், எட்டை மூன்றாக்கிவிட்டது. மற்றவர்களுக்கு அது ஒரு தோல்வி. அக்காவுக்கு மீண்டும் ஆசுபத்திரி வாசல்.

பயிற்சியாளர் கத்தவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், நாளையிலிருந்து மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார். நம் பூப்பந்து அணியோடு வந்திருந்த வசந்த் என்ற மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்துக்கு வந்தார். அக்கா கெஞ்சவும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை.

"தப்பு என்னோடதுதான் சார். மேல உக்காந்து கத்துக்குறேன். ஊருக்கு மட்டும் போகச் சொல்லாதீங்க."

மேலே உட்கார்ந்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அணியின் ஒவ்வொரு சைகையையும், பதிவறையில் கோப்புக்கு அட்டவணை போடுவது போலவே, வரிசை எண் போட்டு எழுதினார். பெண்கள் அடுத்த ஆட்டங்களை வென்றார்கள், காலிறுதியையும் தாண்டினார்கள். அரையிறுதியில் மூன்று செட்டிலும் அடி. எந்தத் திட்டம் போட்டாலும் எதிரணி அதற்கு முன்பே தயாராக நின்றது. பயிற்சியாளருக்குக் காரணம் பிடிபடவில்லை.

மேலே இருந்தவருக்குப் பிடிபட்டது. எதிரணியின் மாற்று ஆட்டக்காரி ஒருத்தி பந்தைப் பார்க்கவே இல்லை. அவள் நம் வசந்தின் கையைப் பார்த்தாள், உடனே தன் அணிக்குக் கையால் சொன்னாள். விரலை நீட்டி எண்ணுவது எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். இதில் அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தெருவில் நின்று சத்தமாக ரகசியம் பேசினால் கேட்கிறவன்மேல் கோபப்பட முடியுமா? அப்போது அக்காவுக்கு முதல் ஆட்டம் நினைவுக்கு வந்தது. பச்சை அணியிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். நம்முடைய ஒவ்வொரு சைகைக்கும் அவள் கை பதில் சொன்னது. இரண்டே இரண்டு தடவை மட்டும் இரு கையையும் விரித்து, தெரியவில்லை என்று தன் அணிக்குக் காட்டினாள். அது அக்கா எட்டு என்று கணுவைத் தொட்ட இரண்டு தடவைகள்.

வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம் ஒருநாள் இடைவெளி விட்டு, அதே பச்சை அணியோடு. அக்கா பயிற்சியாளரைத் தேடிப் போனார். கண்டதைச் சொன்னார். பன்னிரண்டு பேர் அணியில், சட்டை எண் பன்னிரண்டு வரை, ஒரு கையில் கணுவும் பன்னிரண்டு, கையைத் தூக்க வேண்டியதே இல்லை, தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றார். தம்மை ஒரு தடவை கவிழ்த்த சைகையையே திரும்பவும் கொண்டுவந்து நீட்டுகிறாரே என்று சூர்யபிரகாஷுக்குத் திகைப்பு. ஒரே நாளில் எப்படிம்மா கற்றுக்கொள்வார்கள் என்று கேட்டார்.

"எழுதப் படிக்கத் தெரியாத எங்க ஆத்தா இதை வச்சுத்தான் சார் யாவாரம் பாத்துச்சு. இந்தப் புள்ளைங்க படிச்ச புள்ளைங்க."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போனா நான் ஒங்க பக்கத்துலதான் நிப்பேன். மேல போய் ஒளிய மாட்டேன்."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. பெண்களைக் கேட்கச் சொன்னார். சுடர்விழி நெடுநேரம் யோசித்தாள். முதல் ஆட்டத்தில் மூன்றாம் எண்காரியை நோக்கி ஓடி ஏமாந்தவர்களில் அவளும் ஒருத்தி. அணித்தலைவி என்ற முறையில் இன்னொரு தோல்விக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். கடைசியில் அவள் அக்காவின் வலக்கையைப் பிடித்து, கட்டைவிரலைத் தானே ஒவ்வொரு கணுவாக நகர்த்தி, பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள்.

இடைவெளி நாள் முழுவதும் அதே வேலை. காலைச் சாப்பாட்டில் யாரும் வேறு வழியில் எதையும் கேட்கக்கூடாது என்று அக்கா சட்டம் போட்டார். அரியானாப் பெண் ஒருத்தி சுண்டுவிரலுக்குப் பதிலாக ஆள்காட்டி விரலிலிருந்து எண்ணத் தொடங்க, ஒரு ரொட்டி கேட்டவளுக்குப் பத்து ரொட்டி வந்தது. பத்தையும் தின்றுதான் எழுந்திருக்க வேண்டும் என்று மற்ற பதினோரு பேரும் பிடிவாதம் பிடித்தார்கள். அதற்கப்புறம் அவள் தப்பு செய்யவே இல்லை. மாலைக்குள் பேருந்தின் முன்னிருக்கையில் இருந்து அக்கா கைக்குட்டை மறைவில் காட்டுகிற எண்ணைக் கடைசி இருக்கையில் இருந்தவள் பிடித்தாள்.

மறுநாள் ஆட்டம். பச்சை அணியின் அந்தப் பெண் வழக்கம்போல நம் பக்கம் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது அம்மாள் ஒருவர், குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கையைத் தொடைமேல் வைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். முதல் செட் நமக்கு. உயரம் உயரம்தானே, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது நமக்கு, நான்காவது அவர்களுக்கு. ஐந்தாவது செட் பதினைந்து புள்ளிக்குத்தான். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று வரை இழுத்துக்கொண்டு போனது. அவர்கள் போட்ட சர்வீஸ் வலையில் சிக்க, நமக்குப் பதினான்கு.

இன்னும் ஒரே புள்ளி. சூர்யபிரகாஷ் களத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார், "எட்டு."

அக்காவின் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. அதே எண். அதே கணு. அந்த ஒரு நொடியில் தனக்கு ஆசுபத்திரி வாசல்தான் தெரிந்தது என்று அவர் பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லியிருக்கிறார். கட்டைவிரல் நடுவிரலின் நடுக்கணுவைத் தொட்டது. அழுத்தித் தொட்டது. களத்திலிருந்து சுடர்விழி பார்த்தாள். சர்வீஸ் போனது, அந்தப் பக்கம் பந்து எழும்பியது, இடக்கைக்காரி தாவினாள். அவளுக்கு எதிரே ஆறு கைகள் நின்றன. பந்து அவற்றில் மோதி அவர்கள் பக்கமே விழுந்தது.

நடுவர் கொடியைத் தூக்கும்வரை நம் பெண்கள் அசையவில்லை. தூக்கிய பிறகு பன்னிரண்டு பேரும் ஓடிவந்து அக்காமேல் விழுந்தார்கள். அவர் கட்டைவிரலைக் கணுவிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் புள்ளியைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று பயந்தாராம். அந்த அணி அந்தப் பெருவிழாவில் வாங்கிய முதல் பதக்கம் அது. பச்சை அணியின் கைபார்க்கும் பெண் பிறகு தேடி வந்து, என்ன எண் அது, சொல்லித் தாருங்கள் என்று கையால் கேட்டாளாம். நாலு வருஷம் கழித்து வா, சொல்கிறேன் என்று அக்கா சொல்லியனுப்பினாராம்.

பதக்கம் ஆட்டக்காரிகளுக்குத்தான். மொழிபெயர்ப்பாளருக்குக் கிடையாது. மேடையில் அவர்கள் நின்றபோது அக்கா தடுப்புக் கம்பிக்கு வெளியே எல்லோருடைய பைகளையும் காவல் காத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். எப்படிக்கா இருந்தது என்று சூழ்ந்துகொண்டோம்.

"குளிரு. சோறு நல்லால்ல. வெண்கலம்."

இவ்வளவுதான் அவர் சொன்னது. அப்படியானால் இத்தனை கதையும் எங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதம் சுடர்விழி பதக்கத்தோடு அலுவலகம் வந்தாள். நாங்கள் எல்லோரும் கூடினோம். அவள் கையால் சொல்லச் சொல்ல, அக்கா தமிழில் சொன்னார். தன் தப்பை ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசிப் பந்துக்கு வந்ததும் சுடர்விழி கண்கலங்க இரண்டு நிமிடம் கையை ஓட்டினாள். அக்கா அந்த இரண்டு நிமிடத்தையும், "ஜெயிச்சாங்களாம்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டு, டீ ஆறுகிறது என்றார்.

எங்கள் இளநிலை உதவியாளர் தேவிப்ரியாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று கைப்பேச்சு கற்கப் புறப்பட்டார். சனிக்கிழமைகளில் சுடர்விழியிடம். ஞாயிறு காலை, அக்கா கடைவீதிக்குக் கிளம்பிய பிறகு, அக்கா வீட்டிலேயே காத்தாயி அம்மாவிடம். எண்பத்தொரு வயதில் அம்மா இதை மகளிடம் மூச்சு விடாமல் காப்பாற்றினார். ஒன்றரை ஆண்டு கழித்து, போன மாதம், தேவிப்ரியா சுடர்விழியை மறுபடியும் கேட்டார். அன்று நீ என்ன சொன்னாய்? அவள் சொன்னதை மாற்றாமல் இங்கே தருகிறோம்.

"பந்து விழுந்ததை நான் பாக்கல. அக்கா கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுல எல்லாருக்கும் காது கேக்கும், என்கூட யாரும் கையில பேசுனதில்ல. எங்க பன்னெண்டு பேர் வீட்டுலயும் அப்படித்தான். இந்தக்கா அவங்க வீட்டுப் பேச்சை எங்களுக்குக் குடுத்தாங்க. அன்னிக்குத்தான் நாங்க வீட்டுல இருந்து விளையாடுன மாதிரி இருந்துச்சு."

ஒருவர் சொன்னதை மயிரிழையும் மாற்றாத சொர்ணம் அக்கா, வாழ்நாளில் இரண்டாம் முறையாக மறைத்தது இதைத்தான். முதல் முறை அம்மாவின் துக்கத்தை. இரண்டாம் முறை தன்னுடைய பெருமையை.

அம்மையீர்! கதை முடிந்தது. இனித் தங்களிடமே நேரே பேசுகிறோம். எழுந்து போக வேண்டாம், வாசலை இன்னாசி அண்ணன் மறித்து நிற்கிறார்.

இம்மடலின் முதல் சொல்லை வாசித்தபோதே, முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கள் கைகள் மடியிலிருந்து எழுந்திருக்கும். ஆறு வயதிலிருந்து பழகிய கைகள் அல்லவா? ரேஷன் கடைக்காரர் சொன்னதும், மருத்துவர் சொன்னதும், பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னதும், உலகம் காத்தாயி அம்மாவிடம் சொன்ன நல்லதும் பொல்லாததும் அந்தக் கைகள் வழியாகத்தான் போயின. ஆனால் இன்றைய சேதியை மட்டும் தாங்கள் ஒழுங்காகச் சொல்ல மாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஏதோ பேசுகிறார்கள் என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் தேவிப்ரியா அம்மாவுக்கு எதிரே நிற்கிறார். கற்பகமே என்றதும், எலி கடித்த கட்டும், எட்டும் மூன்றும், ஆறு கைகளும், சுடர்விழி சொன்னதும், ஒன்றுவிடாமல் இந்நேரம் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்த வரியும் போய்க்கொண்டிருக்கிறது.

பணி ஓய்வு என்று அரசு தருவது பதிவறைக்கு. கைகளுக்கு இன்று ஒரு பொழுது ஓய்வைத் தர நாங்கள் விரும்பினோம். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நலமே நாளும் நாடி வர, நோயற்ற நெடுவாழ்வு நிழலாய்த் தொடர, அன்னையும் தாங்களும் அகம் மகிழ்ந்து ஆண்டு பலவாய் வாழ்க! கண்ணும் கையும் களைப்பறியாது, தங்கள் வீட்டு வாசல் எங்களுக்குத் திறந்தே இருக்க, வாழ்க, வளர்க என்று வாயாலும் கையாலும் வாழ்த்துகிறோம்.

இந்த மடல் வாசித்து முடிந்ததும் அம்மா தங்களிடம் ஏதோ சொல்வார்கள். அதை எங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
செம்மல், தேவிப்ரியா, இன்னாசி, நிலவழகன், கலைமதி
மற்றும் தங்கள் கதவைத் தட்டாமல் ஒரு கோப்பையும் கண்டெடுத்திராத அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்
இலுப்பூர், புதுக்கோட்டை மாவட்டம்